மாடிப்படியில் ஒரு பௌதிகக் கணக்கு

உங்கள் பள்ளியில் வகுப்பறை மாடியில் இருக்கிறதா? மணி அடித்ததும் இரண்டு மாணவர்கள் ஒன்றாகப் படியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுடைய எடை 45 கிலோகிராம். மற்றவனுடைய எடை 90 கிலோகிராம். மொத்தம் 20 படிகள். ஒவ்வொரு படியும் 15 சென்டிமீட்டர் உயரம். ஆகவே அவர்கள் ஏறும் உயரம் 3 மீட்டர். இருவரும் 10 விநாடியில் மேலே வந்துவிடுகிறார்கள். மெலிந்தவன் பேசிக்கொண்டே வகுப்புக்குள் நுழைகிறான். பருத்தவனோ கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்குகிறான். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "நாலு படி ஏற முடியவில்லை, சரியான சோம்பேறி!" என்பார்கள்.

அவர்கள் சொல்வது சரிதானா என்று பௌதிகத்தைக் கேட்போம். ஒரு பொருளை மேலே தூக்குவதற்குச் செய்யவேண்டிய வேலை எவ்வளவு? நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும், அதை உயரத்தாலும் பெருக்க வேண்டும். இது நீங்கள் வகுப்பில் படித்ததுதான். மெலிந்தவனுக்கு 45 × 9.8 × 3, அதாவது 1,323 ஜூல். பருத்தவனுக்கு 90 × 9.8 × 3, அதாவது 2,646 ஜூல். இதைப் பத்து விநாடியால் வகுத்தால் திறன் கிடைக்கும். முதல் மாணவன் 132 வாட். இரண்டாம் மாணவன் 265 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே நாம் சோம்பேறி என்று சொன்ன மாணவன், அந்தப் பத்து விநாடியும் குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான வேகத்தில் வேலை செய்திருக்கிறான்! இரண்டு மாணவிகள் ஏறினாலும் கணக்கு இதேதான்.

இன்னும் சந்தேகமா? மெலிந்தவன் முதுகில் 45 கிலோகிராம் அரிசி மூட்டையை ஏற்றி, அதே பத்து விநாடியில் மேலே வரச் சொல்லுங்கள். அப்புறம் அவன் மூச்சு வாங்குகிறானா இல்லையா என்று பாருங்கள். (உண்மையாகவே ஏற்றிவிட வேண்டாம், மனதுக்குள் செய்து பார்த்தால் போதும்.)

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வகுப்பில் நல்ல பருமனான மாணவன் ஒருவன் இருந்தான். தேகப்பயிற்சி வகுப்பில் எல்லாரும் மைதானத்தை மூன்று சுற்று ஓடவேண்டும். கடைசியில் வருகிறவன் தண்டனையாக நான்காவது சுற்றும் ஓடவேண்டும். கடைசியில் வருவது எப்போதும் அவன்தான். நாங்கள் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருப்போம். இரண்டு மாதம் கழித்து, முழங்கால் வலி என்று வீட்டிலிருந்து கடிதம் வாங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்தான். பள்ளி முடியும் வரை அந்த மரத்தடியை விட்டு அவன் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் எல்லாரையும் விட அதிக வேலை செய்தவனுக்குத்தான் நாங்கள் கூடுதல் வேலை கொடுத்தோம் என்பது, மேலே போட்ட கணக்கை அன்று யாராவது போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்படியானால் கனத்த உடல் உள்ளவர்கள் தேகப்பயிற்சி செய்யக்கூடாதா? செய்யத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து ஆளின் வேகத்தைப் பார்த்துச் செய்யக்கூடாது. தன் இருதயத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

தசை வேலை செய்ய வேண்டுமானால் அதற்குப் பிராணவாயு வேண்டும். பிராணவாயுவை நுரையீரல் வாங்கிக் கொடுக்கிறது. இரத்தம் சுமந்து செல்கிறது. இருதயம் அந்த இரத்தத்தை இறைக்கிறது. வேலை இரண்டு மடங்கானால், ஏறக்குறைய இரண்டு மடங்கு பிராணவாயு தேவைப்படும். ஆகவே நாடி வேகமாகத் துடிக்கிறது, மூச்சு இரைக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 70, 80 தடவை துடிக்கும் நாடி, உங்கள் வயதில் அதிகபட்சமாக 200 வரை போகலாம். இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல பயிற்சி கிடைக்க அந்த உச்சிக்குப் போகவேண்டியதில்லை. 130 முதல் 150 வரை துடித்தால் போதும். மெலிந்த மாணவனுக்கு அந்த எண் வர மெதுவாக ஓட வேண்டியிருக்கலாம். பருத்தவனுக்கோ கைவீசி வேகமாக நடந்தாலே வந்துவிடும். அப்போது இருவருடைய இருதயங்களும் ஒரே பாடத்தைத்தான் படிக்கின்றன. ஒருவன் ஓடுகிறான், மற்றவன் நடக்கிறான் என்பது வெளியே தெரியும் வேடிக்கை மட்டும்தான்.

நாடியை எண்ணத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேசிப் பாருங்கள். பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு நின்றால் வேகம் அதிகம். மருத்துவர்களும் சொல்லும் சோதனைதான் இது. இதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை.

சரி, ஓடினால்தான் என்ன? நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. ஓடும்போது அப்படியில்லை. ஒவ்வோர் எட்டிலும் கணநேரம் இரண்டு காலுமே தரையை விட்டு எழும்பிவிடுகின்றன. பிறகு முழு உடலும் ஒரே காலில் வந்து இறங்குகிறது. அப்படி இறங்கும்போது தரை திருப்பி உதைக்கும் விசை உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். 90 கிலோகிராம் உடலுக்கு ஒவ்வோர் எட்டிலும் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட தாக்குதல்! முழங்கால் மூட்டின் நிலைமை இன்னும் மோசம். மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இழுக்கும் விசையும் அதன் மேல் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் ஸ்டீபன் மெஸ்ஸியர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் முழங்கால் தேய்மானம் உள்ள பருத்த முதியவர்களை நடக்கவைத்து அளந்தார்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் எட்டிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று 2005-ல் எழுதினார்கள். ஒரு கிலோமீட்டர் நடக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட எட்டுகள் வேண்டும். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தொடக்கத்தில் ஓட்டமும் குதித்தலும் கயிறு தாண்டுதலும் வேண்டாம். நடையே போதும். சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்ளும். எல்லாவற்றிலும் சிறந்தது தண்ணீர். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நினைவிருக்கிறதல்லவா? இடுப்பளவு நீரில் நின்றால் காலுக்கு வரும் பாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்; கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நீச்சல் தெரியாதவர்கள்கூட, தெரிந்த பெரியவர் ஒருவர் துணையோடு, அடி தெரிந்த குளத்தில் இடுப்பளவு நீரில் முன்னும் பின்னும் நடக்கலாம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடப்பதால் தசைக்கு வேலை நிறைய. மூட்டுக்கு அடி இல்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வளரும் வயதில் தொடை எலும்பின் உருண்டையான தலைக்கும் தண்டுக்கும் இடையே, எலும்பாக மாறாத குருத்துத் தட்டு ஒன்று இருக்கிறது. எடை மிகுந்த சிறுவர் சிறுமியர் சிலருக்கு அந்த இடத்தில் எலும்பு மெல்ல நழுவிவிடுவதுண்டு. கோளாறு இடுப்பு மூட்டில். ஆனால் வலி பலசமயம் முழங்காலில்தான் தெரியும்! ஆகவே நொண்டி நடக்கும்படி முழங்காலிலோ தொடையிலோ அரையிலோ வலி வந்தால், "எடை இருந்தால் வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காலத்தில் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம்.

இனித் தசைகளுக்கான பயிற்சிக்கு வருவோம். தண்டால் எல்லாருக்கும் தெரியும். தரையில் தண்டால் எடுக்கும்போது கைகள் எவ்வளவு பாரத்தைத் தாங்குகின்றன தெரியுமா? அளந்து பார்த்திருக்கிறார்கள். உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம். கால் விரல்களுக்குப் பதிலாக முழங்கால்களை ஊன்றினால் 49 சதவீதம். கைகளை 60 சென்டிமீட்டர் உயரமுள்ள மேடையில் ஊன்றினால் 41 சதவீதம். நம் வீட்டுத் திண்ணைகள் பல அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

இப்போது நம் இரு மாணவர்களையும் கூப்பிடுங்கள். 45 கிலோகிராம் மாணவன் தரையில் முழுத் தண்டால் எடுக்கிறான். அவன் கை தாங்குவது 29 கிலோகிராம். 90 கிலோகிராம் மாணவன் திண்ணையில் கை வைத்து எடுக்கிறான். அவன் கை தாங்குவது 37 கிலோகிராம். பார்க்கிறவர்களுக்குத் திண்ணைத் தண்டால் விளையாட்டு போலத் தோன்றும். ஆனால் அதிகப் பாரம் தாங்குபவன் திண்ணைக்காரன்தான்! தரைக்குப் போனால் அவன் தாங்கவேண்டியது 58 கிலோகிராம். எடுத்த எடுப்பில் அது முடியாமல் போவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

திண்ணையும் கடினமாக இருந்தால் சுவரிலிருந்து தொடங்கலாம். சுவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளை வைத்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்புங்கள். கால்களைச் சற்றுப் பின்னே நகர்த்தினால் உடல் சாயும். கைக்கு வரும் பாரம் ஏறும். இது நெம்புகோல் பாடத்தின் இன்னொரு பக்கம். சுவரில் பத்துத் தண்டால் சுலபமானதும் மேசைக்கு வரலாம் (மேசை நகராதபடி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும்), பிறகு திண்ணை, பிறகு முழங்கால் ஊன்றித் தரை. இதற்கு எத்தனை மாதம் ஆனால் என்ன?

பஸ்கியும் அப்படியே. முழுதாக உட்கார்ந்து எழுவதற்குப் பதிலாக, கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். எட்டு அல்லது பத்துத் தடவை, சற்று ஓய்வு, மீண்டும் ஒரு பத்து. இதில் பருமனானவர்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. நாள் முழுவதும் கூடுதல் பாரத்தைச் சுமந்து பழகியதால் அவர்களுடைய தொடைத் தசைகள் பெரும்பாலும் மெலிந்தவர்களுடையதைவிடப் பெரியவை, வலிமை மிகுந்தவை. ஆனால் சுமக்கவேண்டியதும் அதிகமாக இருப்பதால் அந்த வலிமை வெளியே தெரிவதில்லை.

நம் ஊர் வெயிலையும் மறக்கக்கூடாது. தசை செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மற்ற மூன்று பங்கும் உஷ்ணமாகிறது. கனத்த உடலில் உஷ்ணம் அதிகம் உண்டாகிறது. ஆனால் எடையோடு ஒப்பிட்டால் அதை வெளியேற்றும் தோலின் பரப்பு குறைவு. போதாக்குறைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரு கம்பளி போலப் போர்த்தியிருக்கிறது. ஆகவே விடியற்காலையிலோ அந்தி சாய்ந்த பிறகோ நடங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். தொடைகள் உரசிப் புண்ணாகும் தொல்லைக்குப் பயந்தே நடையை விட்டவர்கள் பலர். முழங்கால் வரை வரும் பொருத்தமான உள்ளாடையும், கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் அதற்குப் போதும்.

இவ்வளவும் செய்தால் எடை எவ்வளவு குறையும்? இங்கே ஒளிவுமறைவு இல்லாமல் பேச வேண்டும். உடலிலுள்ள ஒரு கிலோகிராம் கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கிலோகலோரி சக்தி அடங்கியிருக்கிறது. நம் 90 கிலோகிராம் மாணவன் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்தபின், அதிகப்படியாகச் செலவாவது 150 கிலோகலோரி அளவுக்குத்தான். 7,700-ஐ 150-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைய ஐம்பது நாட்களுக்கு மேல்! நடுத்தர இட்லி ஒன்றில் 50 கிலோகலோரி இருக்கிறது என்றால், அதைச் செலவழிக்க அவன் அந்த மாடியை இருபது தடவை ஏற வேண்டும். 300 மில்லிலிட்டர் இனிப்புக் குளிர்பானத்தில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், அதாவது 120 கிலோகலோரி. நடந்துவிட்டு வந்து களைப்புத் தீர அதைக் குடித்தால் கணக்கு அநேகமாக நேர். ஆகவே "பத்து நாளில் பத்து கிலோ" என்று விளம்பரம் செய்கிறவர்களுக்குப் பெருக்கல் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

"ஒரு நாள் நன்றாக வேர்க்க ஓடினால் ஒரு கிலோ குறைகிறதே!" என்று சிலர் கேட்கலாம். அது வெறும் தண்ணீர். இரண்டு செம்பு நீர் குடித்தால் திரும்பிவிடும். கொழுப்பு வேர்வையாக வெளியேறுவதில்லை. பிறகு எப்படித்தான் வெளியேறுகிறது? ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் 2014-ல் இந்தக் கேள்விக்கு அணு அணுவாகக் கணக்குப் போட்டு விடை எழுதினார்கள். கொழுப்பில் இருப்பவை கரி, ஹைட்ரஜன், பிராணவாயு ஆகிய மூன்றின் அணுக்கள். 10 கிலோகிராம் கொழுப்பு முழுதாக எரிய, நாம் 29 கிலோகிராம் பிராணவாயுவை உள்ளே இழுக்க வேண்டும். அது எரிந்து 28 கிலோகிராம் கரியமிலவாயுவும் 11 கிலோகிராம் தண்ணீரும் உண்டாகின்றன. அந்தக் கொழுப்பின் 10 கிலோவில் 8.4 கிலோ கரியமிலவாயுவாக மூக்கின் வழியே போய்விடுகிறது, 1.6 கிலோதான் தண்ணீராகிறது. கரைந்த கொழுப்பின் பெரும்பகுதி நாம் விட்ட மூச்சுதான்! இதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் தலைதான் சுற்றும். தசை வேலை செய்து கொழுப்பை எரித்தால்தான் அந்த வாயு கூடுதலாக உண்டாகும். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பதும் இதனால்தான் பொய். கொழுப்புச் சேமிப்பு உடலெங்கும் உள்ளது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்த பிறகே தசைக்கு வருகிறது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் என்று நாம் கட்டளையிட முடியாது.

ஐம்பது நாளுக்கு ஒரு கிலோ என்றால் இத்தனை பாடு எதற்கு என்று தோன்றுகிறதா? இதற்கு விடை சொல்ல மறுபடியும் ஒரு படிக்கட்டுக்குப் போக வேண்டும். இந்தப் படிக்கட்டு லண்டன் நகரத்து மாடி பஸ்ஸில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே பஸ்ஸில் போனவர்கள், ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான பஸ் தொழிலாளர்களின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்தார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு தெளிவாகக் குறைவு என்று 1953-ல் வெளியிட்டார்.

"ஓட்டுநர்கள் குண்டாக இருந்திருப்பார்கள், அதுதான் காரணம்" என்றார்கள் சிலர். மாரிஸ் விடவில்லை. தொழிலாளர்களின் சீருடைக் கால்சட்டை அளவுகளை வாங்கிப் பார்த்தார்! ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டபோதும், படியேறியவர்களுக்கே திடீர் மரணம் குறைவாக இருந்தது. பெரிய கால்சட்டை போட்ட நடத்துநருக்கும் அந்தப் படிகள் பயன் தந்தன. ஆகவே எடை முள் நகருவதற்கு முன்பே உள்ளே ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது? பயிற்சி பெற்ற இருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை இறைக்கிறது. தசைச் செல்களுக்குள் எரிபொருளை எரிக்கும் நுண்ணிய அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இந்த ஒன்றே போதுமான லாபம்.

உங்கள் வயதில் இன்னொரு வசதியும் உண்டு. நீங்கள் இன்னும் உயரமாகிக்கொண்டிருக்கிறீர்கள். எடை குறையாவிட்டாலும், ஏறாமல் நின்றாலே உயரம் அதைத் துரத்திப் பிடித்துவிடும். அதனால் பட்டினி கிடக்காதீர்கள். வளரும் எலும்புக்கும் தசைக்கும் பருப்பும் பாலும் முட்டையும் கீரையும் வேண்டும். குறைக்கவேண்டியது எண்ணெயில் பொரித்ததும் சர்க்கரை கலந்ததும்தான். பருமனுக்குப் பரம்பரைக்கும் பெரும் பங்கு உண்டு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் உடல்வாகு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை, பெற்றவர்களையே ஒத்திருந்தது என்று 1986-ல் எழுதினார்கள். ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் இருவரில் ஒருவர் மட்டும் பருப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். சோம்பேறி என்ற சொல்லை வாயிலெடுக்குமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. முதல் வாரம் பத்து நிமிட நடை போதும்; வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். பள்ளிக்கு நடப்பதும் கணக்கில் சேரும். சுவர்த் தண்டாலும் நாற்காலிப் பஸ்கியும் வாரத்தில் மூன்று நாள். ஆஸ்துமா, இருதயக் கோளாறு போன்றவை இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

இனி ஒரு பரிசோதனை. மெலிந்தவர்களும் இதைச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பிடுமுன், உங்களுக்கு இயல்பான வேகத்தில் 20 படி ஏறுங்கள். எத்தனை விநாடி ஆயிற்று என்று நண்பனைப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே உட்கார்ந்து மணிக்கட்டில் நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் நோட்டில் குறித்து வையுங்கள். தினமும் நடந்துகொண்டே, எட்டு வாரம் ஞாயிறுதோறும் அதே படியில், அதே வேகத்தில் ஏறி எண்ணுங்கள். இரண்டாவது எண் வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று வரைபடத்தாளில் குறியுங்கள். எடை முள் அசையாத வாரங்களில்கூட அந்தக் கோடு இறங்கக்கூடும். எண்ணும்போது மட்டும் கட்டைவிரலை உபயோகிக்காதீர்கள். அதற்கென்று சொந்தத் துடிப்பு ஒன்று உண்டு, கணக்கைக் குழப்பிவிடும்.